என் கட்டுரைகளின்படி நடப்பவர்

ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், குறுக்கெழுத்துப் புதிருக்கு மேலே, மெத்தை விளம்பரத்துக்குப் பக்கத்தில், கன்னத்தில் கைவைத்துக்கொண்டு ஒருவன் உங்களை முறைத்துக்கொண்டிருப்பான். அது நான்தான். கையைக் கன்னத்தில் வைத்தது சிந்தனையால் அல்ல, போட்டோ எடுத்த அன்றைக்குப் பல்வலி. ‘சமூகமே, ஒரு நிமிஷம்’ என்ற தலைப்பில் வாராவாரம் இந்தக் காலத்தைத் திட்டுவது என் பிழைப்பு.

எதையும் விட்டுவைத்ததில்லை. சாப்பாட்டைச் சாப்பிடுவதற்கு முன்னால் போட்டோ எடுப்பவர்கள், டாக்சியிலிருந்து இறங்கியதும் ஓட்டுநருக்கு நட்சத்திரம் போடுகிறவர்கள், நடைப்பயிற்சியில் நடந்த தூரத்தைத் தவிர வேறெதுவும் பார்க்காதவர்கள், எல்லோரையும் ஒரு கை பார்த்தாயிற்று. சமூகம் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நானும் மாறவில்லை. தொலைக்காட்சி என்னும் திருடனைப் பற்றி நான் எழுதிய கட்டுரை, தொலைக்காட்சிக்கு எதிரே சோபாவில் படுத்தபடி எழுதியது. ஆக, சமூகத்துக்கும் எனக்கும் நல்ல புரிதல் உண்டு. நான் திட்டுவேன், அது கேட்காது. இருவருக்கும் தொந்தரவில்லை.

அன்று காலை, ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது’ என்று சொல்லிச் சொல்லியே நம்மைக் காக்கவைக்கிற இயந்திரக் குரல்களைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் கட்டுரை ஆசிரியர் கைக்குப் போக வேண்டும். நல்ல வேகத்தில் இருந்தபோது போன் அடித்தது. என் சித்தப்பா மகள். வீட்டில் குட்டி என்று கூப்பிடுவோம். வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களுக்கு விடிகிற நேரத்தில் அவளுக்கு ராத்திரி வேலை முடியும்.

“அண்ணா, அப்பா இன்னிக்கும் ரோஜா போடல.”

“அப்பாடா” என்றேன்.

இந்த அப்பாடாவுக்கு விளக்கம் தேவை. எங்கள் குடும்பத்துக்கு போனில் ஒரு குழு இருக்கிறது. அதில் தினமும் காலையில் சித்தப்பா ஒரு ரோஜாப்பூ போடுவார். பூமேல் பனித்துளி, பக்கத்தில் ஆவி பறக்கும் கோப்பை, மேலே மினுமினுக்கும் எழுத்தில் ‘இனிய காலை வணக்கம்’. சில நாள் ஓர் அணில்குட்டி கைகூப்பி நிற்கும். சென்ற ஞாயிறு நான் எழுதிய கட்டுரை அதைப் பற்றித்தான். தலைப்பு: ‘ரோஜாவின் கொடுங்கோன்மை’. யாரோ செய்த படத்தை யாரோ அனுப்ப, நாம் அதை வேறு யாருக்கோ தள்ளிவிடுகிறோம். நம் அன்பு நம் கைபடாமலே போய்ச் சேர்கிறது. பெற்ற பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு வரி எழுதத் துப்பில்லாத தலைமுறை இது, என்றெல்லாம் பொரிந்திருந்தேன். பேரைச் சொல்லவில்லை. அணிலை மட்டும் சொல்லிவிட்டேன்.

“என்ன அப்பாடா? அறிவிருக்கா உனக்கு?” குட்டியின் குரல் உடைந்தது. “அது ரோஜா இல்லண்ணா. அப்பா எந்திரிச்சுட்டார்னு அர்த்தம்.”

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து மத்தியானம் வரைக்கும் அப்படியே கிடந்தாரே, ஞாபகம் இருக்கா? அன்னிலேருந்து நாங்க பேசி வச்சது. வேலை முடிஞ்சு வந்ததும் ரோஜாவைப் பார்ப்பேன். பார்த்துட்டுப் படுப்பேன். அவ்வளவுதான். நீ எழுதின அன்னிலேருந்து ரோஜா இல்ல. நேத்து போன் பண்ணினா ‘வேலையா இருக்கேம்மா’ன்னு வச்சுட்டார். அவருக்கென்ன வேலை? இன்னிக்கு எடுக்கவே இல்ல. அடிச்சுக்கிட்டே இருக்கு.”

“தூங்கிட்டிருப்பார்...”

“எங்கப்பாவா? இந்த நேரத்துலயா? அண்ணா, நீதான் நிறுத்தினே. நீயே போய்ப் பாரு.”

இயந்திரக் குரலைப் பாதியில் அந்தரத்தில் விட்டுவிட்டுச் சட்டையை மாட்டினேன். வீட்டுக்காரி பொத்தான் மாறியிருப்பதைக் காட்டினாள். “எத்தனையோ பேரைத் திட்டுனீங்க, யாருக்காவது உறைச்சுதா? கடைசில உறைச்சது பாருங்க, நம்ம சித்தப்பாவுக்கு” என்றாள்.

டாக்சியில் போகும்போது நானும் அடித்துப் பார்த்தேன். மணி போனது, எடுக்கவில்லை. சித்தி போனபிறகு சித்தப்பா தனியாகத்தான் இருக்கிறார். அச்சகத்தில் இயந்திரம் ஓட்டி ஓய்வுபெற்றவர். எழுத்தைத் தலைகீழாகப் படிக்கத் தெரிந்தவர். சின்ன வயதில் என் முதல் கவிதையை நோட்டீஸ் பேப்பரில் அச்சடித்துக் கொடுத்து, எனக்குப் பேனா என்று பேர் வைத்ததும் அவர்தான். கவிதை மறந்துவிட்டது, பேர் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தவறாமல் போன் செய்து, “படிச்சேன். சரியாச் சொன்னே” என்று மூன்றே வார்த்தை சொல்லிவிட்டு வைப்பார். நான் அதை ஒரு பெரியவரின் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டிருந்தேன். கடந்த ஞாயிறும் அதே மூன்று வார்த்தை. அணிலைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மூன்றாவது மாடி. லிஃப்டிலிருந்து தெறித்து வெளியே வந்து சித்தப்பா வீட்டுக் காலிங்பெல்லை அமுக்கக் கையை நீட்டினேன். காலிங்பெல் இல்லை. அது இருந்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றிய இரண்டு ஒயர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

எனக்கு ஏதோ லேசாக ஞாபகம் வந்தது. போன வருஷமோ அதற்கு முன்னாலோ, குருவிபோலக் கத்தும் காலிங்பெல்களைத் திட்டி ஒரு கட்டுரை. ‘ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் கதவைத் தன் விரல் முட்டியால் தட்டுவதில் இருக்கும் மரியாதை’ என்று ஒரு வரி. எழுதியபோது எனக்கே பிடித்திருந்தது.

விரல் முட்டியால் தட்டினேன். பிறகு உள்ளங்கையால். பிறகு இரண்டு முஷ்டியாலும். சித்தப்பா, சித்தப்பா என்று கத்தினேன். உள்ளே சத்தமே இல்லை. எதிர்வீட்டுக் கதவுதான் திறந்தது. வெள்ளைக் கோட்டும் கையில் கோப்பையுமாக ஓர் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்கதானே அந்த ஞாயித்துக்கிழமை?”

“ஆமாம். அவர் அண்ணன் மகன்.”

“அது தெரியாது. போட்டோவைப் பார்த்திருக்கேன். நான் பல் டாக்டர். கீழ்வரிசை, வலது பக்கம், கடைசிப் பல்லு. இன்னும் எடுக்கல போலிருக்கே?”

“டாக்டரம்மா, பல் கிடக்கட்டும். அவர் கதவைத் திறக்க மாட்டேங்கிறார். போனும் எடுக்கல. உங்ககிட்ட ஒரு சாவி இருக்கும்னு குட்டி சொன்னா. போன வருஷம் அவர் விழுந்தப்ப நீங்கதான் திறந்தீங்களாமே?”

“இருந்துது” என்றார் டாக்டரம்மா. கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்தார். எனக்காகவே வெகுநாளாக வைத்திருந்த பதில்போலிருந்தது. “திருப்பி வாங்கிட்டார். ரொம்ப மரியாதையா வந்து, ‘டாக்டரம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க, இதைப் படிங்க’ன்னு ஒரு துண்டுப் பேப்பரைக் கையில குடுத்துட்டு வாங்கிட்டுப் போனார். உங்க கட்டுரை. ‘அடுத்தவர் வீட்டுச் சாவி நம்மிடம் இருப்பது அன்பல்ல, அதிகாரம்.’ மனப்பாடமே ஆயிடுச்சு. என்ன சார், நான் உங்க சித்தப்பாமேல அதிகாரம் பண்ணினேனா?”

“ஐயோ, அது வந்து... எங்க மேல்வீட்டம்மா ஒருநாள் என் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டுட்டாங்க. அந்தக் கோபத்துல...”

“அவங்க கேட்டதுக்கு என் சாவி போச்சு.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. அடித்துக்கொண்டேன். இந்த ஊரில் என்னை இத்தனை பேர் படிக்கிறார்கள் என்று ஆசிரியர் சொல்கிறார். அத்தனை பேரில் ஒருத்தராவது என்னைக் கேட்டு நடந்ததுண்டா? இந்த ஒரு மனிதர், வாராவாரம், ஒரு வரி விடாமல் கேட்டு நடந்து, பெல்லைக் கழற்றி, சாவியை வாங்கி, ரோஜாவை நிறுத்தி, கடைசியில் நான் உள்ளே போகவே முடியாதபடி என் கட்டுரைகளாலேயே வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறார்.

“பூட்டை உடைக்க ஆள் கூப்பிடறேன்” என்று போனை எடுத்தேன். பாத்ரூம் தரையில் கிடக்கிற சித்தப்பாவை நினைக்காமலிருக்க முயன்றேன். நினைக்காமலிருப்பது என் தொழில், ஆனால் அன்றைக்கு வரவில்லை.

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார். “ஆள் வர நேரமாகும். உள்ளே வாங்க. ஒண்ணு பண்ணிப் பார்க்கலாம்.”

வாசல்கள்தான் எதிரெதிர், பின்பக்கம் இரண்டு வீடும் ஒட்டியிருந்தன. அவர் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சித்தப்பாவின் அறை. மேடைமேல் ஒரு மிக்ஸி இருந்தது. அதில் ஒரு கை சர்க்கரையை அள்ளிப் போட்டார்.

“நான் மிக்ஸி போட்டா அவருக்குப் பொறுக்காது. சுவரைத் தட்டுவார். முன்னெல்லாம் மனுஷன் சும்மாதான் இருந்தார். திடீர்னு ஒருநாள் ஆரம்பிச்சார். கேட்டா, ‘இரைச்சலை எதிர்த்துச் சுவரைத் தட்டுவது குடிமகனின் முதல் கடமை’ன்னார்.”

நான் தரையைப் பார்த்தேன்.

“அதுவும் நீங்கதானா?”

“ஆமாம்” என்றேன்.

மிக்ஸியைத் திருகினார். அந்தச் சின்ன அறையில் அது ஒரு சுரங்கம் தோண்டுவதுபோல அலறியது. நிறுத்தினார். நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்தோம். வெள்ளைச் சுவர், ஒரு நாள்காட்டி, கரண்டி மாட்டும் கொக்கி. ஒன்றும் இல்லை.

“இன்னொரு தடவை” என்றேன்.

மறுபடி அலறியது. இந்த முறை அவர் விடாமல் ஓட்டினார். நான் காதைச் சுவரில் வைத்தேன். சுண்ணாம்பு குளிர்ச்சியாக இருந்தது. கடவுளே, இந்த மனுஷன் ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேட்டுச் சுவரைத் தட்டட்டும், இனிமேல் யாரையும் எதற்கும் திட்ட மாட்டேன், என்று வேண்டிக்கொண்டேன். நான் கொடுக்கிற வாக்குகளின் தரம் கடவுளுக்குத் தெரியும்.

டொக். டொக். டொக்.

மிக்ஸி நின்றது. “டொக், டொக்” என்றது சுவர், எரிச்சலோடு.

நான் முஷ்டியை மடக்கிப் பதிலுக்குத் தட்டினேன். விடாமல் தட்டினேன். அந்தப் பக்கமும் விடவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. டாக்டரம்மா திரும்பி நின்று, சர்க்கரைப் பொடியை மெதுவாக டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தார்.

“போதும் சார், நாள்காட்டி விழுந்துடும்” என்றார். “இப்ப சண்டைக்கு வருவார் பாருங்க.”

வந்தார். எதிர்க்கதவின் தாழ்ப்பாள் விலகியது. இரண்டு காதிலும் பஞ்சு, கையில் பென்சில், பனியனும் கட்டம்போட்ட லுங்கியுமாகச் சித்தப்பா. “டாக்டரம்மா, காலங்காத்தால மனுஷன் ஒரு வரி யோசிக்க வேணாமா?” என்று ஆரம்பித்தவர், பின்னால் நின்ற என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து பஞ்சைப் பிடுங்கினார்.

“அட, பேனா! வாடா வா. சரியான நேரத்துக்கு வந்தே. உன்னைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

“நானும் உங்களைத்தான் நினைச்சேன்” என்றேன்.

உள்ளே போனோம். தொலைக்காட்சி இருந்த மேஜையில் ஒரு செடி இருந்தது. அதை ஒரு நாற்காலி பார்த்துக்கொண்டிருந்தது.

“டிவி?”

“நீதானே எழுதினே, அது திருடன்னு. வாட்ச்மேன் வீட்டுக்குக் குடுத்துட்டேன்.”

“வாட்ச்மேன்கிட்டயா திருடனைக் குடுத்தீங்க?”

“அவர் பார்த்துக்குவார்” என்றார் சித்தப்பா சாதாரணமாக.

“போன் எங்க சித்தப்பா? குட்டி அங்க செத்துச் செத்துப் பிழைக்கிறா!”

அலமாரியைத் திறந்தார். பிஸ்கட் டப்பாவை எடுத்தார். அதற்குள் துண்டில் சுற்றிய போன். “‘ஒரு சொந்தச் சிந்தனை வேண்டுமென்றால் போனை டப்பாவில் போடு’ன்னு சொன்னே. ரொம்ப உண்மைடா. நேத்து வெளியிலேயே வச்சிருந்தேன், ஒரு வரியும் வரல.”

“என்ன வரி?”

நாற்காலியைச் சுற்றிலும் தரையில் காகிதங்கள் கிடந்தன. அச்சகத்தில் வீணாகும் துண்டுக் காகிதங்களைச் சித்தப்பா இன்னும் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஓரிரு சொல், அதன்மேல் ஒரு கோடு.

“ரோஜாவுக்குப் பதிலா சொந்தமா ஒரு வரி எழுதி அனுப்பலாம்னுதான். பெத்த பிள்ளைக்கு ஒரு வரி எழுதத் துப்பில்லைன்னு நீ எழுதினதைப் படிச்சேன். சரிதானேன்னு தோணிச்சு, போன்லயும் அதைத்தான் உங்கிட்ட சொன்னேன். உக்காந்தா, வரமாட்டேங்குதுடா. நீ எப்படித்தான் வாராவாரம் எழுதறியோ.”

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து மூக்கை அடைத்தது. “சித்தப்பா, அது கட்டுரை! படிக்கிறதுக்கு! செய்யறதுக்கு இல்ல! தயவுசெஞ்சு ரோஜாவை அனுப்புங்க. இப்பவே. இல்லேன்னா அணிலை அனுப்புங்க.”

“மாட்டேன்.”

“ஏன்?”

“நீ சொன்னது சரி. எழுத உக்காந்த பிறகுதான் தெரிஞ்சுது.” ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். “பாரு. காலை வணக்கம்னு எழுதினேன். அவளுக்கு அது காலையே இல்ல, படுக்கப் போற நேரம். இத்தனை நாளா தப்பா அனுப்பியிருக்கேன். சரின்னு அதை அடிச்சுட்டு, இனிய நாள்னு போட்டேன். இனியதுன்னு எனக்கெப்படித் தெரியும்? அவ வேலை பார்க்கிறது ஆஸ்பத்திரிடா. அன்னிக்கு ராத்திரி அவ கைல யார் போனாங்களோ. அந்த வீட்டாளுங்களைத் தேத்திட்டு வந்து போனைப் பார்த்தா, அப்பன் மினுமினுன்னு இனியன்னு போட்டா நல்லாவா இருக்கும்? ரோஜா இதெல்லாம் யோசிக்காது. மனுஷன் யோசிக்கணும்ல?”

இத்தனை வருஷத்தில் என் கட்டுரை ஒன்றைப் பற்றி இவ்வளவு நல்ல கட்டுரையை யாரும் எழுதியதில்லை. அதற்காக நான் விட்டுக்கொடுக்க முடியுமா? குட்டி தூங்க வேண்டும். என் சொந்தக் கருத்தை எதிர்த்து என் சித்தப்பாவிடமே மன்றாட ஆரம்பித்தேன். ரோஜா ஓர் அழகான பூ என்றேன். பனித்துளி இயற்கை என்றேன். “அப்போ ‘கடையில் விற்கும் பனித்துளி’ன்னு எழுதினியே?” என்றார். அணில்குட்டி பாவம் என்றேன். “‘கைகூப்ப அணிலுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்’னு கேட்டியே?” என்றார். மனிதர் எல்லா வரியையும் ஞாபகம் வைத்திருந்தார். என் வாயிலிருந்து வந்ததை என் வாயிலேயே திணித்தார்.

“சித்தப்பா, நான் இதெல்லாம் எதையுமே செய்யறதில்ல. எங்க வீட்ல டிவி இருக்கு. எங்க வீட்டு பெல் குருவி மாதிரிதான் கத்துது.”

அவர் ஆச்சரியப்படவேயில்லை. “அது எனக்குத் தெரியாதா? உன் வீட்டுக்கு நான் வந்ததில்லையா? எழுதறவனுக்கு அதெல்லாம் செய்ய எங்கடா நேரம்?” காகிதங்களைப் பொறுக்கி அடுக்கினார். “இவ்வளவு நல்லா எழுதறே, வாராவாரம் யாரும் கேட்காமப் போனா உனக்குச் சங்கடமா இருக்காது? குடும்பத்துல யாராவது ஒருத்தர் செய்யணும்ல.”

நான் செடியைப் பார்த்தேன். நல்ல செடிதான்.

போன் அடித்தது. குட்டி, முகம் காட்டும் அழைப்பில். திரையில் அவள் தலைமுடி கலைந்து, கண்கள் சிவந்து, தலையணையில் சாய்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் ஒரு மூச்சு விட்டாள். அப்புறம் பிடித்துக்கொண்டாள். அப்பாவைத் திட்டினாள், என்னைத் திட்டினாள், என் பத்திரிகையைத் திட்டினாள்.

“எனக்கு ரோஜாவும் வேணாம், வரியும் வேணாம். ஒரு புள்ளி வைங்கப்பா. ஒரே ஒரு புள்ளி. அது போதும்.”

“புள்ளி வைக்கவா உன்னைப் பெத்தேன்?” என்றார் சித்தப்பா.

“பாருண்ணா! உன்னாலதான் இப்படிப் பேசுறார்!”

“என்னாலயா? நான் புள்ளியைப் பத்தி ஒண்ணுமே எழுதல!”

நானும் சித்தப்பாவும் மாறி மாறிக் கத்திக்கொண்டோம். வார்த்தையா, படமா, புள்ளியா என்று வெகுநேரம் போனது. திடீரென்று சித்தப்பா என் வாயைப் பொத்தினார். திரையில் குட்டியின் கண் மூடியிருந்தது. போன் தலையணையில் சரிந்து, அவளுடைய ஒரு காதும் கொஞ்சம் சுவரும் மட்டும் தெரிந்தன. சீராக மூச்சு வந்தது.

“தூங்கிட்டா” என்று கிசுகிசுத்தார்.

“போனை வைங்க.”

“வேணாம். சத்தம் கேக்கும், முழிச்சுக்குவா.” போனை ஒரு டம்ளரில் சாய்த்து நிறுத்தினார். நாற்காலியை அதன் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பிறகு நாங்கள் அதே சண்டையைக் கிசுகிசுப்பாகத் தொடர்ந்தோம். கிசுகிசுப்பில் யாரும் ஜெயிக்க முடியாது.

வீட்டுக்கு வந்து இயந்திரக் குரல் கட்டுரையைத் திறந்தேன். ‘இப்படிப்பட்ட அழைப்புகளை உடனே துண்டித்துவிட வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தது. சித்தப்பா நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, இயந்திரக் குரல் வந்ததும் துண்டிப்பதை என் கண் கண்டது. அழித்தேன். அடுத்த வரி, ‘நேரே போய் நிற்போம்.’ அவர் வெயிலில் நிற்பதைக் கண்டேன். அழித்தேன். எந்த வரியைத் தொட்டாலும் அதற்குள்ளிருந்து கட்டம்போட்ட லுங்கியோடு அவர் எழுந்து வந்தார். கடைசியில் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எழுதி அனுப்பினேன். சாயங்காலம் ஆசிரியர் கூப்பிட்டார்.

“என்ன சார் இது? ‘வீட்டுக்கு ஒரு காலிங்பெல்’? இது சமூக விமர்சனமா, எலெக்ட்ரிக் கடை விளம்பரமா?”

“ஆழமாப் பாருங்க சார். தனிமைங்கிறது...”

“‘காதில் பஞ்சு வைப்பது உடலுக்கு நல்லதல்ல’ங்கறீங்க. ‘நம்பிக்கையான பக்கத்து வீட்டாரிடம் ஒரு சாவி இருப்பது நாகரிகம்’ங்கறீங்க. ‘பாத்ரூமில் வழுக்காத மிதியடி போடாத சமூகம் தன்னை நாகரிகச் சமூகம் என்று சொல்லிக்கொள்ளலாமா?’ங்கறீங்க. உங்களுக்கு உடம்பு சரியில்லையா?”

“பல்வலி” என்றேன்.

“அதானே” என்று அதை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் குடும்பக் குழுவில் ஒரு செய்தி வந்தது. பூ இல்லை, அணில் இல்லை, மினுமினுப்பு இல்லை.

‘எழுந்துவிட்டேன். டாக்டரம்மா வீட்டில் மிக்ஸி ஓடுகிறது. சுவரைத் தட்டினேன். அவர்களும் தட்டினார்கள். நீ தூங்கு.’

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குட்டி பதில் போடவில்லை, அதாவது தூங்கிவிட்டாள். வாழ்நாள் முழுக்கக் காகிதத்தை வீணாக்கி நான் எழுத நினைத்த மாதிரியான வரி என்று சொல்ல வந்தேன். அதற்குள் அத்தை, ‘ஏன் பூ போடல? உடம்புக்கு என்ன?’ என்று கேட்டாள். உடனே மற்றவர்களும் பதறிப்போய் வரிசையாக ரோஜா போட்டார்கள். ஒருத்தர் விரைவில் நலம்பெற வாழ்த்தி இரண்டு அணில் அனுப்பினார். சமூகத்தை என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாது. நானும் ஒரு ரோஜா போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தப்பாவின் போன் வந்தது. வழக்கமான மூன்று வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

“படிச்சேன்.”

“ம்.”

“இந்த வாரம் நடை கொஞ்சம் தொய்வுடா. உனக்கு மிதியடியில எல்லாம் அவ்வளவு ஈடுபாடு இருக்கும்னு நான் நினைக்கல.” ஒரு நிமிஷம் யோசித்தார். “ஆனா கருத்துன்னு வந்துட்டா கருத்துதான்.”

“சாவி?”

“அதுதான் குழப்பம். குடுக்கக் கூடாதுன்னும் நீதான் எழுதினே, குடுக்கணும்னும் நீதான் எழுதறே. ரெண்டையும் மதிக்கணும். ஒரு சாவியை டாக்டரம்மாகிட்ட குடுத்துட்டேன், ஒண்ணை நான் வச்சுக்கிட்டேன்.”

எல்லோரும் அப்படித்தானே சித்தப்பா வைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலமே போனேன். மிதியடி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன், அவர் தப்பான ரகத்தை வாங்கிவிடக் கூடாதே. மூன்றாவது மாடியில் ஒயர்கள் இருந்த இடத்தில் பளபளவென்று புது பெல். எதிர்க்கதவை லேசாகத் திறந்து, டாக்டரம்மா தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, “நாளைக்குக் காலைல கிளினிக்குக்கு வந்துடுங்க, கட்டுரை எழுதிடாதீங்க” என்று சொல்லி மூடிக்கொண்டார்.

பெல்லை அமுக்கினேன்.

உள்ளே ஒரு குருவி வெறிபிடித்துக் கத்தியது. அது முடிந்ததும் ஏதோ ஒரு பியானோ. பியானோ முடிந்ததும் ஒரு பெண்குரல், ‘தயவுசெய்து கதவைத் திறக்கவும்’ என்றது. கடையிலிருந்ததிலேயே மிக மோசமானதைத் தேடி வாங்கியிருக்கிறார். இதைப் பற்றி எழுதாமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, அதுவும் அந்தப் பல்லை.

கதவு திறக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், மிகப் பக்கத்தில், சித்தப்பா நிற்பது தெரிந்தது.

“சித்தப்பா! நான்தான். திறங்க!”

“தெரியுது, தெரியுது” என்றது குரல். “இன்னொரு தடவை அமுத்துடா. உள்ளேருந்து கேக்க நல்லா இருக்கு.”